நீட்சி எழுதுவோர் முதலில் திறக்க வேண்டிய கோப்புகள்

வி.எஸ். கோட் எடிட்டருக்கு நீட்சி எழுத வருகிறவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பவை காலாவதியான வழிகாட்டிகள். 2015 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டு நீட்சிகளுக்கும் வழிவிட்டது. அதன்பின் எத்தனையோ மாற்றங்கள். 2019-இல் ‘வி.எஸ்.கோட்’ என்ற என்.பி.எம். தொகுப்பு கைவிடப்பட்டு, வகை அறிவிப்புகள் ஒரு தொகுப்பாகவும் சோதனைக் கருவி வேறொரு தொகுப்பாகவும் பிரிந்தன. பழைய தொகுப்பையே நிறுவச் சொல்லும் பாடங்கள் இன்னும் தேடலில் வருகின்றன. தேதி பார்க்காமல் எதையும் பின்பற்றாதீர்கள்.

நம்பத் தகுந்த உதவி எடிட்டரின் மூலநிரலிலேயே இருக்கிறது. ஏ.பி.ஐ. முழுவதையும் அறிவிக்கும் டைப்ஸ்கிரிப்ட் கோப்பில் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் மேலே அதை எழுதியவர்களின் விளக்கம் உண்டு. அதைவிட வளமானது ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ கோப்புறை. நாம் தினமும் பயன்படுத்தும் கிட், மார்க்டவுன், சி.எஸ்.எஸ்., ஜேசான் வசதிகள் அங்கே நீட்சிகளாகவே எழுதப்பட்டுள்ளன. வெப்வியூவில் முன்னோட்டம் காட்ட வேண்டுமா, மார்க்டவுன் நீட்சியைப் படியுங்கள். மொழி வழங்கியைத் தனியே ஓட்ட வேண்டுமா, சி.எஸ்.எஸ். நீட்சி இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: கிட் நீட்சியின் பேக்கேஜ் கோப்பில் ‘எனேபிள்டு ஏபிஐ ப்ரொபோசல்ஸ்’ என்றொரு பட்டியலைக் காண்பீர்கள். அவை பரிசீலனையில் உள்ள ஏ.பி.ஐ.கள். அவற்றை நம்பி எழுதிய நீட்சியை மார்க்கெட்பிளேஸில் வெளியிட முடியாது. நிரலை எடுத்தாளுமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

தமிழில் கருத்துரை எழுதும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2016-இல் அறிவிக்கப்பட்ட மொழி வழங்கி நெறிமுறை, வரிக்குள் இடத்தை யு.டி.எஃப்-16 அலகுகளில் எண்ணுகிறது. ‘தமிழ்’ என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து, நெறிமுறைக்கு 5 அலகு, யு.டி.எஃப்-8-இல் 15 பைட். பைட் கணக்கிலேயே விடை அனுப்பும் வழங்கி, அந்தச் சொல்லுக்குப் பின் அதே வரியில் வரும் பிழையின் சிவப்புக் கோட்டை 10 இடம் தள்ளிப் போட்டுவிடும். 2022-இல் வந்த 3.17 பதிப்பில் வேறு குறியாக்கத்தைப் பேசித் தீர்மானிக்கலாம். ஆனாலும் கட்டாயமானது யு.டி.எஃப்-16 மட்டுமே. ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. சோதனைக் கோப்பில் ஒரு தமிழ் வரியைச் சேர்ப்பது நம் வேலை, பிறர் செய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிறரிடம் உதவி கேட்கும்போது முழுத் திட்டத்தையும் அனுப்பிவிட்டு ‘ஓடவில்லை’ என்பதில் பயனில்லை. மற்ற நீட்சிகளை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோளாறு அப்போதும் இருந்தால், அதைக் காட்டும் மிகச் சிறிய நீட்சியாகச் சுருக்கி, எடிட்டர் பதிப்பெண்ணோடு அனுப்புங்கள். சுருக்கும்போதே பாதிச் சிக்கல்களுக்குக் காரணம் பிடிபட்டுவிடும்.

வெளியிடும்போது எக்லிப்ஸ் அறக்கட்டளையின் ஓப்பன் வி.எஸ்.எக்ஸ். பதிவகத்திலும் ஏற்றிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் மார்க்கெட்பிளேஸின் விதிகள் வி.எஸ்.கோடியம் போன்ற எடிட்டர்களை அனுமதிப்பதில்லை. அவற்றைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பதிவகமே வழி. பேக்கேஜ் கோப்பில் ‘ரெப்பாசிட்டரி’ வரியையும் நிரப்புங்கள். நீங்கள் தீர்த்த அதே சிக்கலில் நிற்கும் இன்னொருவர் உங்கள் நிரலைத் தேடி வர அந்த ஒரு வரி போதும்.