விழுங்கியது எவ்வளவு, வரவு எவ்வளவு?

நான் படித்தது பி.காம். மாத்திரையைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். இருக்கிறது, சார். கிராஸ் சம்பளம் வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு என்பது காமர்ஸ் படித்தவனுக்குச் சட்டென்று உறைக்கும்.

கால்சியம் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். '1250 மி.கி. கால்சியம் கார்பனேட்' என்றால், அதில் அசல் கால்சியம் 500 மி.கி.தான். அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வெறும் வயிற்றில் அமிலத்தை அடக்க ஒரு மாத்திரை, கூடவே கால்சியம்! சிட்ரேட் வகைக்கு அமிலத்தின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. இதை யார் சொன்னார்கள் நமக்கு?

பவழக் கால்சியம் என்று கூடுதல் விலைக்கு ஒன்று விற்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் அதே கார்பனேட்தான். பவழம் என்றதும் பர்ஸ் தானாகத் திறந்துகொள்கிறது.

கூத்து போகட்டும், இரும்புச்சத்து விளையாட்டல்ல. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் அக்காவும் அந்தக் கணக்கில் ஒருத்தி.

"மூணு மாசமா போடறேன்டா, ரத்தமே ஏறலை" என்றாள்.

"எதோட போடறே?"

"காபியோடதான். கால்சியத்தையும் சேர்த்துப் போட்டுடுவேன், ஒரே வேலையா முடிஞ்சுடும்."

முடிந்தது! காபி, டீயில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் அதன் வழியை மறிக்கும். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். விலை மலிவான ஃபெரஸ் சல்ஃபேட், விலை கூடின ஃபெரிக் வகைகளைவிட நன்றாகவே உடம்பில் சேரக்கூடியது. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான். இரும்பு குறைந்த பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் கூடுதலாகச் சேர்கிறது என்று 2017-இல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

அக்கா வீட்டு மருந்து டப்பாவில் ஆறு அட்டைகள். எதிலும் தமிழில் ஒரு வரி இல்லை. 'காபி, டீயோடு போடாதீர்கள்' என்று அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? விற்ற மாத்திரைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் சேர்ந்ததற்கு யார் வைத்திருக்கிறார்கள்?