வேரோடு போகும் மாகாளி

மோரில் ஊறும் மாகாளிக்கிழங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வீட்டார் கடையைக் காட்டுவார்கள், கடைக்காரர் மலையைக் காட்டுவார். தோட்டத்தைக் காட்டுபவர் அரிது. டெக்காலெப்பிஸ் ஹாமில்டோனை என்ற இந்தக் கொடி தென்னிந்தியாவுக்கே உரியது. சந்தைக்கு வரும் கிழங்கில் பெரும்பகுதி இன்றும் காட்டில் தோண்டப்படுவதுதான். இலையைப் பறித்தால் செடி மறுபடி தழைக்கும்; கிழங்கு முழுவதையும் அகழ்ந்தால் அத்தோடு முடிந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அருகிவரும் இனமாக இடம்பெற்றிருப்பதில் வியப்பில்லை.

பாறைச் சரிவும் முட்புதரும் கலந்த வறண்ட காடுதான் இதற்கு ஏற்ற இடம். ஓசூருக்குத் தெற்கே ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் என்று காவிரி வரை இறங்கும் மேலகிரிக் காடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகள் வழியே ஜவளகிரியின் புலிகளை உலகம் அறியும். அங்குள்ள கொடிகளுக்கு அப்படி ஒரு கதைசொல்லி வாய்க்கவில்லை.

இந்தக் காடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு என இரு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டாவது அறிவிப்பின்போது எங்கும் பேசப்பட்டவை 35 பாலூட்டி இனங்கள், 238 பறவை இனங்கள் என்ற எண்கள். யானை நடமாட்டத்துக்கு அந்த எல்லைக்கோடு பெரிதும் உதவும். ஆனால் யானைக்குப் போடும் திட்டம் செடிக்கும் தானாகவே போதும் என்று நினைப்பது வனத்துறையின் பழைய சோம்பல். யானைக்கு வழி வேண்டும். மாகாளிக்கு வேண்டியது வேறு: தாய்ச்செடிகள் எந்தச் சரிவில் எத்தனை நிற்கின்றன என்ற கணக்கு, விதை முளைத்துக் கன்றாகும் வரை உண்ணிச்செடி மூடாத தரை, தோண்டுபவரோடு ஓர் உடன்பாடு.

சந்தனத்தின் பாடும் இதுவே, கொஞ்சம் வேறு விதமாக. அது வேர் வழியே அண்டை மரங்களை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி. பழத்தைப் பறவைகள் பரப்புகின்றன. வைரம் பாய்ந்த பெருமரங்கள் திருட்டில் போனபின் மிஞ்சுபவை பெரும்பாலும் அடிக்கட்டையிலும் வேரிலும் துளிர்த்த இளமரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு. மரபணுக் கணக்கில் அது சில மரங்களே. நாற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் அறிக்கைகளில் இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியாது.

இத்தகைய செடிகளைக் காப்பதற்கான வழிமுறை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 1993 முதல் தமிழ்நாடு, கர்நாடகம், கேரள வனத்துறைகளும் பெங்களூரின் எஃப்.ஆர்.எல்.எச்.டி. நிறுவனமும் சேர்ந்து 30 மருத்துவத் தாவரப் பாதுகாப்புப் பகுதிகளை அமைத்தன. ஒவ்வொன்றும் சில நூறு ஹெக்டேர்தான். களப் பணியாளரும் தாவரவியலாளரும் ஒன்றாக உட்கார்ந்து இனவாரியாக ஆபத்தை மதிப்பிட்ட பட்டறைகளும் அதே முயற்சியில் பிறந்தவை. ஆப்பிரிக்காவில் கினி, மொசாம்பிக், உகாண்டா நாடுகள் கியூ தாவரவியல் தோட்டத்தோடு சேர்ந்து முக்கியத் தாவரப் பகுதிகளை வரைபடமாக்கியதும் ஏறக்குறைய இதே சிந்தனைதான். இந்த அனுபவம் ஓசூருக்குத் தொலைவில் இல்லை. அங்கிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்; சந்தன ஆய்வில் பேர்பெற்ற மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் பெங்களூரில்தான் இருக்கிறது. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி சோதனைச்சாவடியை நாள்தோறும் ஆயிரக்கணக்கான லாரிகள் கடக்கின்றன. தாவரத் தரவு மட்டும் கடப்பதில்லை. எல்லையின் இருபுறமும் ஒரே காட்டுக்கு இரண்டு திட்டங்கள், இரண்டு பட்டியல்கள்.

ஓசூரின் தொழிற்சாலைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். சிப்காட் தொழிற்பேட்டை வந்த 1970-களிலிருந்து இன்றைய மின்வாகன, மின்னணு ஆலைகள் வரை நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. பசுமைப் பட்டை நிபந்தனையை நிறைவேற்றச் சீக்கிரம் வளரும் அலங்கார மரங்களை வரிசையாக நட்டுவிட்டால் தணிக்கை முடிந்துவிடுகிறது. அதே வேலி, அதே தண்ணீர், அதே காவலாளியைக் கொண்டு, பல தாய்மரங்களிலிருந்து எடுத்த விதையில் வளர்ந்த உள்ளூர் இனங்களைப் பேணலாம். காட்டுக்கு அது மாற்றாகாது. விதை வங்கியாக உதவும்.

தோண்டுபவரைக் குற்றவாளியாக்கும் அணுகுமுறை மட்டும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலில் வனவாசிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. எந்தச் சரிவில் கொடி குறைந்தது என்பது கிழங்கு எடுக்கும் இருளர் குடும்பத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கிழங்கில் ஒரு பகுதியை மண்ணிலேயே விடுவது, சரிவுகளைச் சுழற்சியில் ஓய்வில் வைப்பது போன்ற விதிகளை அவர்களோடு பேசி வகுத்தால்தான் நிற்கும்.

ஓசூர் வனக்கோட்டத்தின் அடுத்த செயல்திட்டத்தை எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாகாளிக்கும் சந்தனத்துக்கும் தனி அத்தியாயம் ஒதுக்குங்கள். அதன் வரைவைக் கையெழுத்தாகும் முன்பே கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, காவிரி சரணாலய அதிகாரிகளின் மேசைக்கு அனுப்புங்கள்.