முக்காடும் முக்காலியும்

அடக்கத்தைப் பற்றிப் பேசாதார் நம்மிடையே இல்லை. பங்குச் சுவாமியார் பிரசங்க மேடையில் பேசுகிறார். ஊர்ப் பெரியவர் படலையடியில் நின்று பேசுகிறார். நம் முற்போக்கு நண்பர்களோ அதனை எள்ளி நகையாடுவதற்காகப் பேசுகிறார்கள். பேச்செல்லாம் ஒரு பெண்ணின் உடையைப் பற்றியது. உடுத்தவளிடம் எவரேனும் இரண்டு வார்த்தை கேட்டதுண்டோ?

வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடல், மாரியம்மன் கோயிலின் பெயரோடு சேர்த்து அறியப்படும் ஊர். அங்கே வாழும் கத்தோலிக்க இளம்பெண் ஒருத்தி என்னிடம் தமிழ் பயின்றவள். விடியுமுன் எழுகிறாள். தீவுப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் ஊறுவது உவர்நீர். குடிநீருக்குப் பவுசரின் வரவை எதிர்பார்த்திருக்கும் வீடுகளுள் ஒன்று அவளுடையது. முதல்நாள் நிரப்பிவைத்த கலனிலிருந்து அளந்தெடுத்துச் சமைத்து, தகப்பனாருக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு, பஸ் ஏறுகிறாள். பண்ணைப் பாலத்தைக் கடந்து நகரம் தெரியும் வேளையில் செபமாலை முடிகிறது. யாழ்ப்பாணத்துப் புடைவைக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. கடை திறந்தது முதல் அடைக்கும் வரை நின்றபடியே புடைவைகளை விரிக்கிறாள், மடிக்கிறாள், மீண்டும் விரிக்கிறாள். தன் மாதச் சம்பளத்தை விஞ்சும் விலையுள்ள பட்டினை, வாங்க வந்தவரின் தோளில் சார்த்தி அழகு காட்டுகிறாள். அவள் உடுப்பதோ கணுக்கால் வரை இறங்கும் பாவாடையும் முழங்கைச் சட்டையும். கழுத்தில் ஒரு சிறு சிலுவை. ஞாயிறு பூசைக்குப் போகும்போது வெள்ளை முக்காடு.

நற்சான்றுப் பத்திரம் ஒன்று பெறுவதற்காக, பூசை முடிந்த கையோடு ஒருநாள் அவள் வந்தாள். அப்போது என்னுடன் இருந்த சக ஆசிரியர் ஒருவர் மேடைகளில் பெண் விடுதலையை முழங்குபவர். கையிலிருந்த முக்காட்டைப் பார்த்து, இந்த நூற்றாண்டிலும் இதுவா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அதனை மறைப்பதற்கில்லை. அவள் கோபிக்கவில்லை. “சேர், என்ரை முக்காட்டைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கினம். கால் நோகுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள்.

சிரித்த எங்களுக்கு அந்த முக்காட்டின் வரலாறும் தெரிந்திருக்கவில்லை. தேவாலயத்தில் பெண்கள் தலையை மூடவேண்டும் என்று விதித்தது 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. அவ்விதிக்கு இனிக் கட்டாய வலுவில்லை என்று 1976இல் வத்திக்கானே எழுதிவிட்டது. 1983இல் வெளிவந்த புதிய தொகுப்பில் அவ்விதி இடம்பெறவேயில்லை. ஆக, இன்று அவள் முக்காடிடுவது சட்டத்துக்கு அஞ்சியன்று. தாயும் பாட்டியும் செய்ததை, தனக்கு மனநிறைவு தருவதால், தானும் செய்கிறாள். ஒரு தொழிலாளிப் பெண் தன் விருப்பத்தின்படி செய்கின்ற மிகச் சில காரியங்களுள் ஒன்றைப் பொறுக்கியெடுத்து அதற்கு அடிமைத்தனம் என்று பெயர் சூட்டுவது எத்தகைய முற்போக்கு?

விசுவாசம் என்றதும் அதனை மயக்கமருந்து என்று மொழிந்துவிட்டு நகர்வதும் நமக்கு எளிதாயிருக்கிறது. இந்தத் தீவில் அப்படி நகர்ந்துவிட முடியாது. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் எறிகணைகள் விழுந்தபோது மக்கள் ஓடிப் புகுந்த இடம் புனித பிலிப்பு நேரியார் தேவாலயம். அங்கும் எறிகணை விழுந்தது. தஞ்சம் புகுந்தவர்கள் மாண்டனர். அப்பங்கின் குருவான ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதம் 20ஆம் நாள் காணாமற் போனார். இந்த நினைவுகளோடு ஒரு பெண் முழந்தாளிடுகிறாள். அவள் எதை நம்புகிறாள் என்று விசாரிக்கும் தகுதி, அன்று அந்த மக்களுக்கு வேறு கூரை காட்ட இயலாத நமக்கு இருக்கிறதா?

இனிப் பிரசங்க மேடைக்கு வருவோம். கையின் நீளத்தையும் பாவாடையின் விளிம்பையும் அளந்து அடக்கத்தை நிறுத்துப் பார்க்கும் பெரியோர்கள், அடக்கம் யாருடைய சொத்தாக இருந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். இதே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடம்பை மறைப்பதை மேட்டுக்குடியினர் தடுத்த காலம் ஒன்றிருந்தது. கடலுக்கு அப்பால் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல்லாண்டு போராடினர். அடிபட்டனர், அவர்கள் சீலைகள் தெருவிலே கிழிக்கப்பட்டன. 1859இல் மன்னர் பணிந்து வெளியிட்ட அறிக்கைகூட, மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேற்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்றுதான் கூறிற்று. மறைக்காதே என்று அன்று அதட்டிய அதிகாரமும், போதிய அளவு மறைக்கவில்லை என்று இன்று அதட்டும் அதிகாரமும் ஒரே வயிற்றிற் பிறந்தவை அல்லவா?

விளிம்பை அளக்கும் இவர்கள் ஞாயிற்றுக்கிழமையை அளக்கிறார்களா என்றால், இல்லை. தீபாவளிக்கும் நத்தாருக்கும் முந்திய வாரங்களில் அந்தக் கடை ஞாயிறும் திறந்திருக்கும். அந்நாட்களில் அவளுக்குப் பூசையில்லை. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891இல் தொழிலாளர் நிலைமை குறித்து விடுத்த சுற்றுமடலில் நியாயமான கூலியையும் ஞாயிறு ஓய்வையும் வலியுறுத்தினார். முதலாளி தொழிலாளியின் ஆன்மாவுக்குரிய நேரத்தைத் திருடலாகாது என்பது அம்மடலின் கருத்து. மார்க்சின் நூலை அன்று. தங்கள் பாப்பரசரின் மடலை எடுத்துக்கொண்டு இவர்கள் கடை முதலாளியிடம் போகலாமே! போகமாட்டார்கள். திருவிழா மலருக்கு அவர் விளம்பரம் தருகிறார்.

அடுத்தது சீதனம். சைவமானாலென்ன, வேதமானாலென்ன, இந்த ஒன்றில் யாழ்ப்பாணத்தார் அனைவரும் ஒரே மதத்தினர். அவள் சம்பளத்தின் ஒரு பகுதி சீட்டுக்குப் போகிறது. சீட்டுப் பணம் நகையாகிறது. தகப்பனார் எழுதிக்கொடுக்க இருப்பது வீட்டு வளவில் ஒரு துண்டு காணி. உறுதி அவள் பெயரில்தான் முடிக்கப்படும். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைப் பராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாகச் சொத்துரிமைச் சட்டம். தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது. ஒல்லாந்தர் போய்விட்டனர். ஆங்கிலேயரும் போய்விட்டனர். கணவனின் ஒப்பம் மட்டும் போகவில்லை. கணவன் கைவிட்டுப் போயிருந்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தின் படியேற வேண்டும். போரிலே கணவரைத் தொலைத்த மனைவியர் எத்தனையோ பேர் வாழும் மண்ணில் இது எத்தனை பெரிய இடர் என்பதை விளக்கவும் வேண்டுமா? அவள் தன் காணிக்குத் தானே ஒப்பமிட முடியாதது பற்றிப் பிரசங்கம் ஒன்றும் நான் கேட்டதில்லை. நம் சஞ்சிகைகளிலும் முக்காட்டைப் பற்றி எழுதப்பட்டதில் பத்திலொரு பங்கு இதைப் பற்றி எழுதப்படவில்லை.

கால்நோவுக்குத் திரும்புகிறேன். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்றே வேலை செய்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டு, உட்காரும் உரிமை கேட்டனர். 2018இல் கேரளம் அவ்வுரிமையைச் சட்டமாக்கிற்று. 2021இல் தமிழ்நாடும் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அங்கே போராடியவர்களில் முக்காடிட்டவரும் இருந்திருப்பர், பொட்டிட்டவரும் இருந்திருப்பர். அவரவர் தலையை அவரவர் பார்த்துக்கொண்டனர்.

இச்செய்தியைச் சென்ற மாதம் எங்கள் ஆசிரியர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தேன். யாழ்ப்பாண நகரக் கடைப்பெண்களுக்கு இருக்கை கோரி ஒரு மகசர் எழுதுவோம், முதற் கையெழுத்தைப் பங்குச் சுவாமியாரிடமே கேட்போம் என்றேன். சுவாமியாரிடம் போவது கொள்கைக்கு ஒவ்வாது என்றார் ஒருவர். கடைச்சிப்பந்திகள் நம் துறையினர் அல்லர் என்றார் இன்னொருவர். விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மகசரை நான் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு ஒப்பம் இருக்கிறது. அது புளியங்கூடற் பெண்ணுடையது.