எழுதியது வட்டைச் சேர்ந்ததா?

திருமுல்கேரிக்குக் கிழக்கே, அதே ஹைதராபாத் மாநகரில், இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம் 1967-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கிருந்து டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறி வெளிவந்தது. அக்காலக் கணிப்பொறிகளின் நினைவகம் பெரும்பாலும் நுண்ணிய காந்த வளையங்களால் ஆயது. மின்சாரம் நின்றாலும் அவ்வளையங்களில் பதிந்த செய்தி அழிவதில்லை. இன்றைய நினைவகமோ குறைகடத்திச் சில்லுகளால் ஆயது. மின்சாரம் நின்றதும் அதிலுள்ள செய்தி மறைந்துபோம். கணிப்பொறியைக் கையாளும் களப்பணியாளர் அனைவரும் இவ்வேறுபாட்டை உணர்தல் அவசியம்.

லினக்ஸ் இயக்க முறைமையின் உட்கருவான கெர்னல், கோப்புகளைப் பக்கங்களாகப் பகுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 4,096 பைட்டு அளவுடையது. ஒருமுறை படித்த பக்கம் மீண்டும் வேண்டப்படின், வட்டை நாடாமல் நினைவகத்திலிருந்தே தரப்படும். இடம் நெருக்குங்கால், நெடுநேரம் தீண்டப்படாத பக்கங்கள் முதலில் விலக்கப்படும். எழுதும்போதும் மாற்றம் முதலில் நினைவகப் பக்கத்திலேயே நிகழ்கிறது. வட்டுக்கு அனுப்பவேண்டிய பக்கங்கள் உளவா எனக் கெர்னல் வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. மாறி ஏறத்தாழ 30 விநாடி கடந்தவற்றை அனுப்புகிறது.

இத்தாமதத்தைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. தபால்காரர் ஒவ்வொரு கடிதத்திற்கும் தனித்தனியே ஓடுவதில்லை. பெட்டியில் சேர்ந்தவற்றை ஒருங்கே எடுத்துச் செல்கிறார். எனினும் பெட்டியில் இட்ட கடிதம் உரியவர் கையைச் சேர்ந்ததாகாது. பல செயலிகளில் 'சேமிக்கப்பட்டது' என்னும் அறிவிப்பின் பொருளும் அவ்வளவே. அவ்வறிவிப்பைக் கண்டதும் பென் டிரைவைப் பிடுங்கினாலோ, அக்கணம் மின்சாரம் நின்றாலோ, பகல் முழுதும் திரட்டிய மழையளவுக் கணக்கும் மாணவர் மதிப்பெண் பட்டியலும் குறைபடக்கூடும்.

பக்கங்களை உடனே வட்டில் எழுதுமாறு பணிக்கும் எஃப்சிங்க் என்னும் கட்டளை உண்டு. அதனையும் வல்லுநர்கள் பிறழ உணர்ந்ததுண்டு. எழுதுகையில் பிழை நேர்ந்தால், அதனை ஒருமுறை அறிவித்தபின் கெர்னல் அப்பக்கத்தை எழுதி முடித்ததாகவே கொள்வதும், மறுமுறை பிறப்பித்த கட்டளை வெற்றியெனத் திரும்புவதும் 2018-இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தள வல்லுநர்களிடையே பெரும் விவாதமாயின.

வல்லுநர்க்கே இந்நிலையெனில், பள்ளிகளிலும் பயிற்சி முகாம்களிலும் சேமிக்கும் பொத்தானை மட்டும் கற்பித்து விடுதல் போதுமா? எழுதப்பட்ட செய்தி எங்கே தங்குகிறது, எப்போது வட்டைச் சேர்கிறது என்பதையும் முதற் பாடத்திலேயே கூறவேண்டும். பென் டிரைவை நீக்குமுன் அதற்குரிய கட்டளையிட்டு அனுமதி வரும்வரை பொறுத்தல், கணிப்பொறியை முறைப்படி நிறுத்துதல், இன்றியமையாத பதிவுக்கு வேறோரிடத்தில் ஒரு படி வைத்தல் ஆகிய மூன்றும் மாணவர்க்குப் பழக்கமாதல் வேண்டும். இவற்றிற்குத் தனிச் செலவு யாதுமில்லை. ஆசிரியரின் சில நிமிடங்களே போதும்.