பூட்டுப் போட இவர்கள் யார்?

எங்கள் ஓட்டப்பிடாரத்தில் 'நேவிகேஷன்' என்றால் வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிதான் முதலில் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது காரில் ஒட்டி வைக்கிற மலிவுவிலை வழிகாட்டிப் பெட்டியைப் பற்றி.

டாக்ஸிக்கார அண்ணன்மார் பலர் அதைப் பரணில் போட்டுவிட்டார்கள். கேட்டால், "மேப் பழசாப் போச்சு தம்பி, புதுசுக்குத் துட்டு கேக்கான்" என்கிறார்கள். பெட்டியில் பழுதே கிடையாது! பல பெட்டிகளுக்குள் இருப்பது விண்டோஸ் சி.இ.தான். 'நேவிட்' என்ற இலவச மென்பொருளையும் மேப்பையும் எஸ்.டி. கார்டில் போட்டு, செட்டிங்ஸில் பாதையை அதற்கு மாற்றினால் ஓடும். காம் போர்ட், பாட் ரேட் இரண்டையும் சரியாகக் கொடுக்கணும். பாதிப்பேர் கோட்டை விடுவது அங்கேதான். பழைய கார்டை முதலில் நகல் எடுத்து வையுங்கள். சில பெட்டிகளில் பாதையை மாற்றவே விடுவதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குப் பூட்டுப் போட இவர்கள் யார்?

திருட்டு மேப் காப்பி போட்டுத் தருவோரும் உண்டு. 2004-ல் ஆரம்பித்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இலவசமாகவே கிடைக்கும்போது அது எதற்கு? இதில் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே எழுதலாம். தார்ரோடு எது, கரிசல் வண்டிப்பாதை எது என்று தனித்தனியாகக் குறிக்கலாம். ஐப்பசி மழையில் வண்டிப்பாதைக்குள் காரை விட்டால் டயரில் மண் அப்பி அப்படியே நின்றுவிடும். அதைக் குறிக்க எந்தக் கம்பெனிக்காரனும் இங்கே வரமாட்டான். சர்வே லேபில் செயின் பிடித்த சிவில் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம்.