ஜன்னலை மூடிவிட்டுக் காருக்கு வண்ணம் அடிக்காதீர்கள்

கறுப்புக் காருக்கு யாரோ விபூதி பூசிவிட்டதுபோல் இருந்தது. டிசம்பர் மழைநாள் ஒன்றில், கிளமெண்டியில் உள்ள எங்கள் வீவக வீட்டில், சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் இடத்தில் உட்கார்ந்து அடித்தது. 24-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாடல் கார். (உரிமைச் சான்றிதழ் விற்கும் விலையில் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகும் கார் அதுதான்.) பிரைமர் நன்றாக உட்கார்ந்தது, கறுப்பும் நன்றாக வந்தது. கடைசியாக லாக்கர் கிளியர் அடித்த ஐந்து நிமிடத்தில் கூரையும் பானெட்டும் வெளுத்துவிட்டன.

இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கும் உண்டு என்றால் இது நடந்திருக்கும். "ஜன்னலைச் சாத்து, ஏர்கானைப் போடு, பிறகு அடி" என்று அனுபவசாலி ஒருவர் சொல்லியும் இருப்பார். எனக்கும் சொன்னார்கள். அந்த யோசனையில் உள்ள இயற்பியல் சரி. ஆனால் அதைக் கேட்டு நடக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இயற்பியல். கைச்சுத்திகரிப்பானைத் தேய்த்தால் உள்ளங்கை ஜில்லென்று ஆகிறதல்லவா? லாக்கரில் உள்ள கரைப்பானும் ஆவியாகும்போது அதே வேலையைச் செய்கிறது. பூச்சிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஸ்ப்ரே கேன் என்றால் உள்ளிருந்து சீறிவரும் உந்துவாயு விரிந்து இன்னும் குளிர வைக்கும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகப் படியுமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதாவது பூச்சு நான்கு டிகிரி குளிர்ந்தாலே போதும், குளிர்பானக் குவளையின் வெளிப்புறம்போல் வேர்த்துவிடும். அந்த நுண்துளிகளைச் சுற்றிப் பிசின் இறுகிவிடுகிறது. உள்ளே சிக்கிய துளிகளும் குழிகளும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. மேகம் வெள்ளையாகத் தெரியும் அதே காரணத்தால் கறுப்புக் காரும் வெள்ளையாகத் தெரிகிறது.

ஏர்கான் அறையில் 25 டிகிரி, 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிநிலை 17 டிகிரிக்குச் சற்றுக் கீழே போய்விடும். எட்டு டிகிரி இடைவெளி கிடைக்கிறது. பூச்சு வெளுக்காது. அனுபவசாலி சொன்னது பலிக்கிறது.

சரி, அந்த அறையில் நீங்கள் எதைச் சுவாசிக்கிறீர்கள்? நம் வீடுகளில் உள்ள ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் உள்ள அதே காற்றைத்தான் இழுத்து, குளிரவைத்து, திருப்பி அனுப்புகிறது. லாக்கரிலும் தின்னரிலும் அசிட்டோன், டொலுயீன், சைலீன் போன்றவை இருக்கும். எது எவ்வளவு என்பது தயாரிப்பைப் பொறுத்தது. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவும், பக்கத்து அறைக்கும் போகும். அங்கே தவழும் குழந்தை இருக்கலாம், மாலையில் ஏற்றிய சாமி விளக்கு இருக்கலாம். அந்த ஆவி தீப்பிடிக்கக்கூடியது.

கொவிட் காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம் இருக்கிறதே என்பார்கள் சிலர். அது பெயிண்டின் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரிவடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். அதைப் போட்டாலும் உங்கள் நுரையீரலுக்குத்தான் காவல், அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. கண்ணாடிபோல் மினுங்குவதற்காக, உண்மையான கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாகக் கிளியரைச் சிலர் வீட்டிலேயே அடிக்கிறார்கள். அதன் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. கார் பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வரக் காரணமாக அறியப்பட்ட பொருள் அது. வாசனை வரும் முன்பே தீங்கு செய்யும் அளவில் காற்றில் இருக்கும். பட்டறையில் அதைத் தனி அறைக்குள், வெளியிலிருந்து காற்று வரும் கவசத்தோடு அடிக்கிறார்கள். படுக்கையறையில் எந்த நியாயத்தில் அடிப்பது? வீவக வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

அந்த மினுக்கம் மாடலுக்குப் பொருந்துகிறதா என்பதும் கேள்விதான். உண்மையான காரின் பூச்சு, எல்லா அடுக்கும் சேர்த்து, சுமார் 100 மைக்ரோமீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் நான்கு மைக்ரோமீட்டர். அவ்வளவு மெல்லிதாக அடிக்க நம் கையால் ஆகாது. நாம் அடிப்பது எப்படியும் பல மடங்கு தடிமன். அதன் மேல் கெட்டியான கிளியரையும் ஊற்றினால் கதவு இடுக்குகள் தூர்ந்து, கார் பாகில் முக்கியெடுத்த மிட்டாய் போலாகிவிடும்.

அப்படியானால் மழைக்காற்றை உள்ளே விட்டு வெளுத்த காரோடு இருப்பதா? தேவையில்லை. நம் வானிலையைக் கொஞ்சம் கவனித்தால் போதும். சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் அது 60 அளவுக்கு இறங்கிவிடும். 32 டிகிரி, 60 விழுக்காடு என்றால் பனிநிலை 23. இடைவெளி ஒன்பது டிகிரி. ஏர்கான் அறையில் கிடைத்ததைவிடக் குறைவில்லை! அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி, ஞாயிறு பிற்பகல்தான் கிடைக்கும். அது போதும். பத்து வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை மேசையில் வையுங்கள்.

ஏர்பிரஷ் உள்ளவர்கள் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலக்கலாம். ஆவியாவது மெதுவாக நடந்தால் குளிர்வதும் குறையும். உறிஞ்சும் விசிறியுள்ள சிறு ஸ்ப்ரே பெட்டியின் குழாயை வெளி ஜன்னலுக்குக் கொடுங்கள். பொது நடைவழிக்குக் கொடுக்க வேண்டாம், அண்டைவீட்டார் ஜன்னல் அங்கேதான் திறக்கிறது. பளபளப்புக்கு 2000, 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மெருகுக் களிம்பு போடுங்கள். அதற்குக் கை வலிக்கும், மூச்சு முட்டாது. நீரில் கரையும் அக்ரிலிக்குக்கு மாறுவதும் நல்லது. ஆனால் அவற்றிலும் பலவற்றில் ஆல்கஹால் உண்டு, அப்போதும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

என் கறுப்புக் காரை மழை ஓயும்வரை பெட்டியில் வைத்திருந்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மூன்று மணி, ஈரமானியில் 61. மெதுவான தின்னரை மட்டும் பனித்தூவல்போல் ஒருமுறை அடித்தேன். லாக்கர் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பியது. பின்கதவுக்குக் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு வெண்மை மட்டும் இன்னும் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.