டிரம்பெட் வாசிக்கிற பிள்ளைக்கு ஓர் இடம்



கடந்த வாரத்தில் ஒரு மாலை, நம் சபையைச் சேர்ந்த பெற்றோர் தங்கள் மகனை அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார்கள். அவனுக்கு வயது 15. மூன்று ஆண்டுகளாகப் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசித்து வந்தவன். இவ்வாண்டு பத்தாம் வகுப்பு என்பதால் பேண்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கருவி பள்ளியுடையது அல்ல. தாத்தா தம் ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து வாங்கிக் கொடுத்தது. இப்போது அது பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. "ஐயா, இவன் நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க எங்கேயாவது இடம் உண்டா?" என்று தாயார் கேட்டார்கள். "முதலில் பரீட்சை முடியட்டும்" என்றார் தகப்பனார். மகன் வாய் திறக்கவில்லை.

அவன் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆலய வாசலில் நின்று, "ஐயா, பாடகர் குழுவோடு நானும் வாசிக்கலாமா?" என்று என்னிடம் கேட்டான். வயதானவர்கள் இருக்கிறார்கள், சத்தம் அதிகமாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குமேல் நான் யோசிக்கவும் இல்லை. இந்த வாரத் தியானத்தை அந்தக் குற்ற உணர்வோடுதான் எழுதுகிறேன்.

பரீட்சை முடியட்டும் என்று காத்திருப்பது தவறு என்பது என் எண்ணம். காற்றுக் கருவி உதடுகளின் தசையால் வாசிக்கப்படுவது. சில மாதங்கள் விட்டுவிட்டால் மேல் சுரங்கள் எட்டாமல் போகும்; எட்டாமல் போனால் பிள்ளைக்கு மனம் சலித்துப்போகும். ஆனால் தினமும் மணிக்கணக்கில் ஊதவேண்டியதும் இல்லை. இந்த வயதில் நாளுக்கு அரைமணி நேரமும், வாரத்தில் ஒருநாள் மற்றவர்களோடு இரண்டு மணி நேரமும் போதும். அதனால் எந்தப் பாடமும் கெட்டுப்போகாது. நம் பிள்ளைகள் கைப்பேசிக்குக் கொடுக்கிற நேரத்தைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை.

'மற்றவர்களோடு' என்பதைத்தான் பெற்றோர் கவனிக்கவேண்டும். கீபோர்டு பழகுகிற பிள்ளை தனியாய் இருந்தாலும் ஒரு பாட்டை முழுமையாய் வாசித்துவிடும். டிரம்பெட்டோ ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மாத்திரம் தருவது. அதன் முதலாம் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்தினால் சுரம் சற்று ஏறி ஒலிக்கும். மூன்றாம் வால்வின் குழாயை விரலால் நீட்டி அதைச் சரிக்கட்டவேண்டும். தனியறையில் ஊதுகிறவனுக்கு அந்தப் பிசகு காதில் விழாமலே போகலாம். பக்கத்தில் இன்னொருவன் வாசிக்கும்போதுதான் அது உறைக்கும். சாலொமோன் கட்டின ஆலயத்தின் பிரதிஷ்டையிலே பூரிகை ஊதின ஆசாரியர் 120 பேர் என்று இரண்டாம் நாளாகமம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அத்தனை பேரும் ஒரே சத்தமாய் ஒலித்தார்கள் என்பதையும் அந்த அதிகாரம் மறவாமல் குறிக்கிறது.

சிலர் டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துகிற கிரேடு தேர்வுகளுக்குப் பிள்ளையை அனுப்பினால் போதும் என்று நினைக்கிறார்கள். டிரம்பெட்டுக்கும் அந்தத் தேர்வுகள் உண்டு, நல்லவைதான். ஆனால் சான்றிதழ் ஒருநாளும் துணைக்கு நின்று வாசிக்காது. சென்னையில் இருந்தால் 1893 இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற சங்கங்களின் கதவைத் தட்டிப் பார்க்கலாம். நம்மைப்போல் தெற்கே சிற்றூரில் இருக்கிறவர்கள் எங்கே போவது?

முதலாவது, இரட்சணிய சேனை. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்துகிறவர்கள் என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். பித்தளை பேண்டு அவர்களுடைய ஆராதனையிலும் தெருப் பிரசங்கத்திலும் ஊறிப்போன ஒன்று. அது தொடங்கிய விதம் சுவையானது. 1878 இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரில் சேனையின் தெருக்கூட்டங்களை முரடர்கள் குலைத்து வந்தார்கள். சார்ல்ஸ் ஃபிரை என்னும் கட்டடக் காண்டிராக்டர் தம் மூன்று மகன்களோடு பாதுகாப்புக்கு வந்து நின்றார். வரும்போது தங்கள் கருவிகளையும் எடுத்து வந்தார்கள். தகப்பனும் பிள்ளைகளுமாக நான்கே பேர். நாற்பது பேர் சேர்ந்தால்தான் பேண்டு என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். உங்கள் ஊரில் சேனையின் சபை இருந்தால் அதன் அதிகாரியிடம் நேரில் போய்க் கேளுங்கள். வேறு சபைக்காரர் என்று தயங்கவேண்டாம்.

இரண்டாவது இடத்தைச் சொன்னபோது அந்தத் தகப்பனாரின் முகம் மாறிவிட்டது. நம் ஊர் பேண்டு செட்டைத்தான் சொன்னேன். "சாவு வீட்டிலே வாசிக்கிறவங்களோடயா ஐயா?" என்றார்.

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியை அவர் ஒருவர் மாத்திரம் கேட்கவில்லை. நம்மில் பலருடைய மனதிலும் இது இருக்கிறது. இதற்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. அசனப் பண்டிகைக்கும் பவனிக்கும் அவர்களை அழைக்கிறோம், அடக்கத்திற்குக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் முன்னே நடக்கச் சொல்கிறோம், பந்தியில் மாத்திரம் கடைசியாய் உட்காரவைக்கிறோம். நம்முடைய கீர்த்தனைகளில் எத்தனையோ அவர்களுக்கு மனப்பாடம். தாள் இல்லாமல், நடந்துகொண்டே, வெயிலில், சுருதி கெடாமல் வாசிக்கிறார்கள். அதில் பாதியைக் கற்றுக்கொள்ள நம் பிள்ளைக்குப் பல ஆண்டுகள் ஆகும். சாவு வீட்டில் வாசிப்பது இழிவு என்று திருச்சபையின் வரலாறும் சொல்லவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பெத்லகேம் என்னும் ஊரில் மொரேவிய சபையார் 1754 முதலே டிராம்போன் குழு வைத்திருந்தார்கள். சபையில் ஒருவர் மரித்தால் ஊருக்கு அறிவித்தது அந்தக் குழுதான்; மரித்தவர் விதவையா, வாலிபனா, குழந்தையா என்பதை எந்த ராகம் வாசிக்கப்படுகிறது என்பதைக் கொண்டே மக்கள் அறிந்துகொண்டார்கள். மொரேவியர் 1760 இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள்தான்.

ஆகவே பேண்டு மாஸ்டரிடம் போய், ஒத்திகை நாட்களில் மாத்திரம் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள முடியுமா என்று மரியாதையோடு கேளுங்கள். கற்றுக்கொடுப்பதற்கு உரிய கூலியையும் கொடுங்கள். பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்கட்டும். இரவு ஊர்வலங்களுக்கு இந்த வயதில் அனுப்பவேண்டாம் என்பதே என் ஆலோசனை. தூக்கம் கெடும், போக்குவரத்தும் அபாயம்.

மூன்றாவது இடம் நம்முடைய ஆலயம். நான் மறுத்த இடமும் அதுதான். சத்தம் அதிகம் என்றேன் அல்லவா? டிரம்பெட்டின் ஓசை அதன் வாய் நோக்கும் திசையில் பாய்வது. வாசிப்பவனைச் சபையாரின் தலைக்கு நேராக நிறுத்தாமல் பக்கவாட்டுச் சுவரை நோக்கி நிறுத்தலாம். எல்லாச் சரணத்திலும் வாசிக்காமல் முதலாவதும் கடைசியும் மாத்திரம் வாசிக்கலாம்.

உண்மையான சிக்கல் வேறொன்று. இதை நம் கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் கேட்டு, தாளில் எழுதிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அவனுடைய டிரம்பெட் பி ஃப்ளாட் கருவி. அதன் தாளில் எழுதியிருக்கும் சுரம் கீபோர்டில் ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும். நம் கிட்டார் வாசிப்போர் விரும்பி எடுக்கிற டி மேஜரில் பாட்டு தொடங்கினால், அவன் நான்கு ஷார்ப்புகளோடு ஈ மேஜரில் வாசிக்கவேண்டும். அதே பாட்டை அரைச்சுரம் ஏற்றி ஈ ஃப்ளாட்டில் எடுத்தால் அவனுக்கு எஃப் மேஜர், ஒரே ஒரு ஃப்ளாட். கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் போதும். கிட்டாரில் முதல் கட்டத்தில் கேப்போ மாட்டினால் விரல்கள் பழைய டி வடிவத்திலேயே இருக்கும். ஒரு பிள்ளைக்கு இடம்கொடுக்க நாம் செய்யவேண்டியிருந்தது இவ்வளவுதான். நான் அதை விசாரிக்கவில்லை.

பாமாலைகள் நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டவை. மேல் குரலை அவன் எடுத்தால் மற்ற மூன்றுக்கும் ஆள் வேண்டும். பள்ளியில் எப்போதோ டிராம்போன் வாசித்தவர், காவல்துறை பேண்டிலோ இராணுவ பேண்டிலோ இருந்து ஓய்வுபெற்றவர் உங்கள் வீட்டிலோ உறவிலோ இருப்பார்களானால் எனக்குச் சொல்லுங்கள். கை பழகிப்போகவில்லை என்று வெட்கப்படவேண்டாம்.

வருகிற இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நான்கு மணிக்கு, ஞாயிறுபள்ளிக் கட்டடத்தில் கூடுவோம். தாயாரும் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தகப்பனார் பார்க்கலாம் என்றார். பேண்டு மாஸ்டரை நானே போய் அழைத்திருக்கிறேன். ஆலயத்தின் பின்னறை அலமாரியில் பழைய யூஃபோனியம் ஒன்று துணி சுற்றிக் கிடக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் வால்வு இறுகிப்போயிருக்கிறது. திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் இசைக்கருவிக் கடையில் ஒரு புட்டி வால்வு ஆயில் வாங்கி வந்தால், பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன்.